தேய்ந்தது என் முதுகு அல்ல

எங்கள் வீட்டில் டிஸ்க் என்றால் முதுகுதான். வேறு அர்த்தம் கிடையாது. மாமியாருக்கு எல் ஃபோர், எல் ஃபைவ் இரண்டும் தேய்ந்து எட்டு வருடம் ஆகிறது. நாத்தனாருக்கு எல் ஃபைவ் மட்டும். கல்யாண வீடுகளில் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் நகையைப் பற்றிப் பேசி முடித்ததும் அடுத்து இதற்குத்தான் வருவார்கள். எந்த எலும்பு, எந்த டாக்டர், ஸ்கேனில் என்ன வந்தது என்று விலாவாரியாகப் போகும். தேய்மானம் இல்லாதவள் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாது. எனக்கு அப்போதும் தேய்மானம் இல்லை, இப்போதும் இல்லை. இதைச் சொன்னால் சொந்தத்தில் ஒருவரும் நம்புவதில்லை.

நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் இயற்பியல் ஆசிரியை. பள்ளிக்கூடம் சிதம்பரத்தில். கல்யாணமான புதிதில் இருந்து ஒன்பது வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன். பிறகு பழைய கார் ஒன்று வாங்கினோம். வாங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாங்கியது நான், ஆர்சி புத்தகத்தில் பெயர் கணவருடையது. அவருக்கு ஆபீஸ் பக்கத்துத் தெருவில், பைக்கில் போய்விடுவார். அதனால் காரை ஓட்டுவது நான் மட்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் சாம்பாரில் உப்பு சரியா, துணி காய்ந்ததா என்று என்னை யாரும் கேட்க முடியாது. அதற்காகவே அந்தக் காரை எனக்குப் பிடிக்கும்.

ஓட்டுவது நான் என்றாலும், காரைப் பற்றிய தீர்ப்பெல்லாம் மாமாவுடையது. மாமா என்பது என் கணவரின் தாய்மாமன். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவருக்கு இரண்டு லாரி இருந்தது. லாரிகள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, லாரிக்காரர் என்ற அந்தஸ்து மட்டும் போகவில்லை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு வண்டி இருமினாலும் அவருக்குத்தான் போன் போகும். அவர் வண்டியைப் பார்க்காமலே வைத்தியம் சொல்லுவார். எந்தப் பாகம் போனாலும் அவரிடம் ஒரே மருந்துதான். லேத்.

"இரும்பு எங்கயாச்சும் தேயுமா? அப்பிடியே தேஞ்சாலும் லேத்துல குடுத்து ஒரு ஓட்டு ஓட்டுனா புதுசாயிடும். மாத்தறதுங்கறதெல்லாம் காச புடுங்குற வேல."

இந்தத் தத்துவத்தின்படி என் காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்குகள் ஏற்கெனவே இரண்டு முறை லேத்துக்குப் போய் வந்திருந்தன. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு வந்து அதைக் கவ்வும், வண்டி நிற்கும். தட்டில் மேடுபள்ளம் விழுந்தால் லேத்தில் வைத்துச் சீவி மட்டமாக்கலாம். ஆனால் சீவச் சீவ தட்டு மெலிந்துகொண்டே போகும். லேத்தில் இரும்பு குறையுமே தவிர வளராது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் உராய்வு நடத்துகிற எனக்கு இது தெரியும். மாமாவிடம் சொன்னேன். "பாடத்துல இருக்கறது வேற, ரோட்டுல இருக்கறது வேற" என்றார்.

கடலூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க் காலையில் கரகரப்பது பழக்கம்தான். உப்புக்காற்றில் இரவோடு இரவாக மெல்லிய துரு படிந்துவிடும். தெருமுனையில் முதல் பிரேக்குக்கு ஒரு கரகரப்பு, இரண்டாவது பிரேக்கில் அது போய்விடும். அந்த வருடம் மாசி மாதத்தில் வந்தது வேறு. ஆலப்பாக்கம் தாண்டி வேகமாகப் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் ஆடியது. பெடல் என் காலைத் திருப்பி உதைத்தது. முதலில் ரோட்டைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊரில் எதற்கும் முதலில் ரோட்டைச் சந்தேகப்படுவது நியாயம்தான். பிறகு புதிதாகப் போட்ட வழவழ ரோட்டில் சோதித்தேன். பிரேக் பிடிக்காதபோது ஆட்டமில்லை, பிடித்தால் ஆட்டம். அந்த இடத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

கணவரிடம் சொன்னேன். "ரோடு அப்பிடி" என்றார். அவர் அந்த ரோட்டில் போய் ஒரு வருடம் இருக்கும்.

மாமாவிடம் போனில் சொன்னேன். "உன் காலு அப்பிடி" என்றார். "பொம்பளைங்க பிரேக்கு மேலயே கால வச்சிக்கிட்டு ஓட்டுவீங்க. அதான் சூடாயி ஆடுது. கால எடு, சரியாயிடும்."

இரண்டு மாதம் காலை எடுத்துப் பார்த்தேன். சரியாகவில்லை. சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை நானே காரை செம்மண்டலம் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மாமாவைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது.

மெக்கானிக் வாயாடாத மனிதர். சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், நகத்த வச்சு இழுங்க" என்றார். இழுத்தேன். நகம் வரிவரியாகப் பள்ளத்தில் மாட்டியது. ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு விளிம்பு நிற்பதுபோல ஒரு மேடு. நடுவில் அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்த திட்டு. டிஸ்க்கிலேயே ஓரிடத்தில் எண் அடித்திருக்கிறது, இந்தக் கனத்துக்குக் கீழே போனால் பயன்படுத்தக் கூடாது என்று. அவர் துரு துடைத்து அதைக் காட்டினார். பிறகு கனம் அளக்கும் வெர்னியரை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே அளந்து படிங்க டீச்சர். நான் சொன்னா ஏமாத்துறேம்பாங்க."

படித்தேன். அந்த எண்ணுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. இன்னொரு பக்கமும் அப்படியே. எனக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. பயத்தில் இல்லை. இரண்டு மாதமாக நான் சொன்னது சரி என்று முதன்முதலாக ஒரு கருவி சொல்லியது, அதில்தான்.

"இன்னொரு தபா லேத்துக்குக் குடுத்தீங்கன்னா அப்பளம்தான் மிஞ்சும்" என்றார் மெக்கானிக். "ரெண்டு பக்கமும் சேத்துதான் மாத்தணும். ஒண்ணு மட்டும் மாத்துனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். பேடும் புதுசு போடணும். சாமான் திங்கக்கெழமதான் வரும். அதுவரைக்கும் ஊருக்குள்ள மட்டும் மெதுவா போங்க, ஹைவே வேணாம். சூடா இருக்கறப்ப தண்ணி கிண்ணி படாமப் பாத்துக்குங்க. இது இருக்கற மெலிசுக்கு விரிசல் வுட்டுடும்."

கணவர் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர் தூங்கும் நாள். வீட்டில் மாமியாரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் யாரோ கிரைண்டரில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அத்தை, வர்றதுக்கு லேட்டாவும். டிஸ்க்கு தேஞ்சிருச்சு."

"ஐயய்யோ! யாரு சொன்னா?"

"இப்பதான் பாத்துட்டுச் சொன்னாரு. ரெண்டு பக்கமும் போயிடுச்சாம்."

"ரெண்டு பக்கமுமா? எத்தினி நாளா இருக்குது?"

"ரெண்டு மாசமா அத்தை. கால வச்சாலே நடுங்குது. நான் சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

"அடப்பாவமே. இப்ப என்னாதான் பண்ணணுமாம்?"

"மாத்தணுமாம். மாத்தலன்னா ஒரு நாளைக்கு நிக்காமப் போயிடும்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கிரைண்டர் சத்தத்தில் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நிற்காமல் போகும் என்று நான் சொன்னது, மருமகள் எழுந்து நிற்க முடியாமல் போவாள் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஹாலில் பாய் விரித்திருந்தது. கணவர் வாசலுக்கே ஓடிவந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டார். அவர் கையில் வெந்நீர்ப் பை இருந்தது. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. "நீ ஏன் ஓட்டிக்கிட்டு வந்த? என்னைக் கூப்பிட வேண்டியதுதான?" என்றார். கூப்பிட்டேன், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லவில்லை. ஒன்றும் புரியாமல் பாயில் உட்கார்ந்தேன்.

மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்.

"எல் ஃபோரா, எல் ஃபைவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பாய் விரித்திருந்தது. முதுகுக்கு வெந்நீர்ப் பை இதமாக இருந்தது. சமையலறையில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது, அந்த யாரோ நானில்லை. கணவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். பதினான்கு வருடத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் காபி. அதில் சர்க்கரை இல்லை. முதுகுக்குச் சர்க்கரை ஆகாது என்று நினைத்தாரோ, சர்க்கரை டப்பா எதுவென்று தெரியவில்லையோ. நான் அதைக் குடித்து முடித்தேன். சாயங்காலம்வரை அப்படியே படுத்துக் கிடந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாமா பண்ருட்டியிலிருந்து வந்து இறங்கினார். மறுநாள் குமராட்சியில் ஒரு காதுகுத்து, அதற்கு எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. ஒரு கையில் பெரிய பலாப்பழம், இன்னொரு கையில் முதுகுக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டில். பழத்தை இறக்கி வைத்த சூட்டோடு, "நீ இத தொடக் கூடாது பொண்ணே, வாயு" என்றார். என்னைப் பார்க்கத்தான் அந்தப் பழம் வந்தது. அதை அறுத்து அவர்களே சாப்பிட்டார்கள். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன்.

சுளையை மென்றுகொண்டே மாமா பேச ஆரம்பித்தார்.

"டிஸ்க்கு தேஞ்சவ இனிமே காரு ஓட்டலாமா மாப்ள? ஒரு பள்ளத்துல எறங்குனா என்னா ஆவறது? பேசாம பஸ்ல போவட்டும்."

கணவர் தலையாட்டினார். முதுகு தேய்ந்தவள் சீட்டில் உட்கார்ந்து காரில் போகக் கூடாதாம். சிதம்பரம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாமாம். இதில் என்ன வைத்திய முறை இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"வண்டிய சும்மா நிறுத்தி வக்கக் கூடாது" என்று மாமா தொடர்ந்தார். "பேட்டரி செத்துடும். நான் எடுத்துட்டுப் போயி மண்டி வேலைக்கு வச்சிக்கிறேன்." சொல்லிக்கொண்டே எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் துள்ளி எழுந்தேன். வெந்நீர்ப் பை தரையில் விழுந்தது.

"எனக்கில்ல மாமா. காருக்கு. காரோட டிஸ்க்குதான் தேஞ்சிருச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் முதலில் என் முதுகைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "அடச்சே, காருக்கா!" என்றார். ஒரு நிமிடத்தில் ஆஸ்பத்திரி கலைந்தது. பாய் சுருட்டப்பட்டது. கணவர் பாதி தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மீதியை நான்தான் தேய்த்தேன்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. என் எலும்பு தேய்ந்தது என்று ஒரே ஒரு போனில் நம்பினார்கள். ஸ்கேன் கேட்கவில்லை, டாக்டர் பெயர் கேட்கவில்லை. இரும்பு தேய்ந்தது என்று நான் இரண்டு மாதமாகச் சொன்னதை, அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னதை, நம்ப ஆளில்லை. பெண்ணுக்கு உடம்பு போய்விட்டது என்றால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும் என்பதுதான் புரிய மாட்டேன் என்கிறது.

"மெக்கானிக்கு மாத்தணும்னுதான் சொல்லுவான், அவன் பொழப்பு அது" என்றார் மாமா. "நாளைக்கு நானே ஓட்டிக் காட்டறேன். போற வழியில சிதம்பரத்துல நமக்குத் தெரிஞ்ச லேத்து இருக்குது. ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் போயிடலாம்."

"மாமா, ஹைவேல போவக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அளந்து பாத்தேன், மாமா. கனமே இல்ல."

"நான் கொல்லிமலையில லாரி எறக்குனவன். நீ அளந்தத வச்சி எனக்குப் பாடம் எடுக்காத."

கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, பஸ்ஸில் போகலாம் என்று கெஞ்சினேன். "மாமா மனசு சங்கடப்படும்" என்றார். நாலு பேர் உயிரைவிட மாமாவின் மனசு மெலிசானது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சாவி மாமாவின் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். மாமா ஓட்ட, கணவர் பக்கத்தில். பின்னால் மாமியாரும் நானும். நான் பெல்ட் போட்டுக்கொண்டேன். மாமியாரையும் போடச் சொன்னேன். பட்டுப்புடவை கசங்கும் என்றார்.

மாமா ஓட்டுவதை அன்றுதான் பின்னாலிருந்து கவனித்துப் பார்த்தேன். கடலூர் எல்லையிலிருந்து அவர் வலது காலின் குதிகால் தரையில் இருந்தது, கட்டைவிரல் பிரேக்கின் மேல் இருந்தது. ஆக்சிலேட்டருக்கு இரண்டு மிதி என்றால் பிரேக்குக்கும் ஒரு மிதி விழுந்தது. பெண்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று என்னிடம் சொன்னாரே, அதை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டு வந்தார். புதுச்சத்திரம் அருகே ஒரு லாரிக்காக நன்றாக மிதித்தார். ஸ்டீயரிங் அவர் கையில் திமிறியது. கார் மொத்தமும் குலுங்கியது. மாமியார் ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ரோடு சரியில்ல" என்றார் மாமா. பளபளவென்று இருந்தது ரோடு.

சிதம்பரத்தில் லேத் பட்டறை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும் என்பது அத்தனை வருட லாரி அனுபவத்துக்குத் தெரியவில்லை. "வர்றப்போ பாத்துக்கலாம்" என்று குமராட்சி ரோட்டில் திருப்பினார். கருகல் வாசனை உள்ளே வர ஆரம்பித்தது. நான் சொன்னேன். வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றார். பத்து நிமிடமாக அந்தக் குப்பை எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது.

சித்திரையில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டு, அதைப் பிடுங்கி, செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிப் போனால் உளுந்து தானே உதிர்ந்துவிடும். பாதி ரோடு களம், பாதி ரோடுதான் நமக்கு. ஓரத்தில் எல்லைக்குக் கல் வைத்திருப்பார்கள்.

ஒரு வளைவில் திரும்பினோம். இடதுபுறம் முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடி. எதிரே, மிச்சமிருந்த பாதி ரோட்டில், ஆட்களை அடைத்துக்கொண்டு மினி பஸ் வந்துகொண்டிருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். கார் நடுங்கியது, குலுங்கியது, நிற்க மட்டும் மாட்டேன் என்றது. அவர் இன்னும் மிதித்தார். பின்சீட்டில் நானும் என் காலால் தரையை மிதித்தேன். என் முன்னால் பெடல் எதுவும் இல்லை, தெரியும், ஆனாலும் மிதித்தேன். செத்தோம் என்றுதான் நினைத்தேன். மாமியார் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். மாமா ஸ்டீயரிங்கை இடதுபுறம் ஒடித்தார். கார் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு உளுந்துக்குள் ஏறி, வழுக்கி, செடிக் குவியலில் மூக்கைச் சொருகி நின்றது. மினி பஸ் ஒரு கை அகலத்தில் எங்களை உரசாமல் போனது. டிரைவர் சொல்லிவிட்டுப் போனதை எழுத முடியாது.

யாருக்கும் அடியில்லை. இறங்கினோம். அப்போதுதான் முன்சக்கரத்திலிருந்து புகை வந்ததைப் பார்த்தேன். காய்ந்த உளுந்துக்கொடி சக்கரத்துக்குள் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் டிஸ்க்கில் பட்டுப் புகைந்தது. நெருப்பு இல்லை, புகைதான்.

வயலோரம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒரு அம்மா கையில் தண்ணீர்க் குடம்.

"ஊத்தாதீங்கம்மா! கொடிய மட்டும் இழுத்துப் போட்டாப் போதும்! தண்ணி பட்டா விரிசல் வுட்டுடும்!" என்று நான் கத்தினேன்.

"ஊத்துங்க, ஊத்துங்க!" என்று மாமா கத்தினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். வேட்டி கட்டிய ஆம்பிளை சொன்னதைத்தான் கேட்டார். குடம் முழுவதும் சக்கரத்தில் விழுந்தது. குப்பென்று ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து டணார் என்று ஒரு சத்தம், கோயில் மணியைச் சுத்தியால் அடித்ததுபோல. புகை அடங்கிவிட்டது. மாமா திருப்தியாகத் துண்டால் முகம் துடைத்தார்.

"என்னா சத்தம் அது?" என்றார் கணவர்.

"டிஸ்க்குங்க" என்றேன். "ஒடஞ்சிருச்சு. இனிமே லேத்துக்காரரால ஒண்ணும் பண்ண முடியாது."

குடத்து அம்மா சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, சுற்றியிருந்த கொடியைக் குச்சியால் இழுத்தெடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நீலமும் கறுப்புமாக இருந்த தட்டைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"யாருய்யா ஓட்டியாந்தது? பிரேக்கு மேலயே கால வச்சிக்கிட்டு வந்தியா? எம் மவன் லோடு வண்டி ஓட்றான், எனக்குத் தெரியும். இப்பிடித்தான் அவனும் மொத மொத ஓட்டி எரிச்சான்."

நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு போய், கோபம் வந்துவிட்டது. மினி பஸ்ஸின் முன்கண்ணாடி கண் முன்னால் நின்றது. கையை நீட்டினேன்.

"சாவியக் குடுங்க மாமா."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அது வியர்வையில் நனைந்திருந்தது.

காரை அந்த அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, அடுத்த மினி பஸ்ஸில் காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் கால் வைத்ததும் நாலு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முந்தைய நாளே மாமியார் பண்ருட்டி, குமராட்சி என்று எல்லா ஊருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். தேய்ந்தது என் முதுகு அல்ல என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லத்தான் அவருக்கு நேரமில்லை.

"நிக்காதம்மா, நிக்காத. டிஸ்க்கு தேஞ்சிருச்சாமே?"

"எனக்கில்லைங்க. காருக்கு."

"பாவம், மறைக்குது" என்றார் ஒருவர். எனக்கு உடனே நாற்காலி வந்தது, மெத்தை போட்ட நாற்காலி. குலுக்கலில் நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்ட மாமா ஒரு மூலையில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் புது டிஸ்க்குகளோடு கார் நின்ற குமராட்சி ரோட்டுக்கே வந்து மாட்டினார். கழற்றிய தட்டில் நடுவிலிருந்து விளிம்புவரை விரிசல் ஓடியிருந்தது. "தண்ணி ஊத்துனது யாரு?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நாளைக்கு அழுத்தி பிரேக் பிடிக்காதீர்கள், பேடு படியட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முழுக்க நான் பூப்போலத்தான் பிடித்தேன்.

அதற்குள் மாமாவின் கதை பண்ருட்டியில் முளைத்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் டிஸ்க் தேய்ந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டாராம். மினி பஸ்ஸில் மோதாமல், சமயோசிதமாக உளுந்தில் ஏற்றி நாலு உயிரைக் காப்பாற்றினாராம். குடத்து அம்மா அந்தக் கதையில் வருவதில்லை. நான் வருகிறேன், முதுகு வலியோடு பின்சீட்டில்.

இரண்டு மாதம் கழித்து பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். ஓட்டியது நான். சாவி அன்றிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது, ஆணியில் மாட்டுவதில்லை. மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போடுங்கள் என்றேன், வயிற்றை இறுக்குகிறது என்றார். விருத்தாசலம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. "மெதுவா, மெதுவா" என்றுகொண்டே வந்தார். அந்தப் பக்கம் பெடல் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த மிதி தெரியும்.

பெண்ணாடம் நெருங்கும்போது அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பின்னால் திரும்பி என் கணவரிடம் சொன்னார்.

"இப்ப வண்டி நல்லா நிக்குது பாத்தியா மாப்ள? நான் அன்னிக்கே சொன்னேன், ரெண்டு டிஸ்க்கையும் மாத்திடுங்கன்னு. இந்தப் பொண்ணுதான் லேத்து லேத்துன்னு இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

முன்னால் ரோடு காலியாக இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், யாரும் வரவில்லை. பேடு நன்றாகப் படிந்திருந்தது. மிதித்தேன்.

ஸ்டீயரிங் ஆடவில்லை. பெடல் நடுங்கவில்லை. கார் அந்த இடத்திலேயே நின்றது. மாமாதான் நிற்கவில்லை. சீட்டை விட்டு முன்னால் போய், இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்குதில்ல, மாமா?" என்றேன்.

அவர் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, தோளுக்கு மேலே கையால் துழாவி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.